உள்ளே ஆளிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவர்

தில்லையம்பலம் அவர்களின் மறைவுச் செய்தி என்னுடைய பத்து மணித் தேநீரோடு வந்தது. பக்கத்து வீட்டு இராணி வேலியருகில் நின்று, "மிஸ், தில்லையண்ணை மோசம் போட்டார். சாப்பிட்டுக் கை கழுவிப்போட்டு வந்து கதிரையிலை இருந்தவராம், அப்பிடியே..." என்றாள். கதிரையில் என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கடந்த ஓராண்டாக அவர் அஞ்சியது படுக்கையில் கிடப்பதை மட்டுமே. ஆனால் அந்த நிம்மதி தேநீர் ஆறும்வரைகூட நிற்கவில்லை. அவருக்கு நான் கொடுத்திருந்த ஒரு வாக்கு நினைவுக்கு வந்துவிட்டது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அவருடைய நற்குணங்களை, அவரை அறிந்த நீங்கள் செத்தவீட்டிலேயே போதிய அளவு கேட்டிருப்பீர்கள்.

அவர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் அரியாலைக் கடல்நீர்க் களப்போரத்திலும் போகிற ஊர்களிலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஒதுங்கிக் கிடந்த மரத்துண்டு, நண்டு ஓடு, பன்னாடை, காய்ந்த விதை என்று பொறுக்கினார். வீட்டுக் கராஜில் வைத்து அவற்றைக் கொக்காகவும் வள்ளமாகவும் ஆக்கினார். சிற்பம் என்று யாராவது சொன்னால், "நான் ஒண்டும் செதுக்கேல்லை, கட்டினன்" என்பார். உண்மைதான். ஆணியோ பசையோ அந்தக் கராஜுக்குள் நுழைந்ததில்லை. களப்புத் தொழிலாளரிடம் பழகிய ஒரு முடிச்சு மட்டும்தான். பாரம் ஏற ஏற இறுகும். வாலைப் பிடித்து ஒருமுறை இழுத்தால் அவிழ்ந்துவிடும்.

அவிழ வேண்டிய தேவை இருந்தது. ஒவ்வொரு பொருளிலும் ஒரு சிட்டை தொங்கும். அதில் பொருளின் பெயர் இராது, எடுத்த இடம் இருக்கும்: "அரியாலை கிழக்கு, பழைய இறங்குதுறைக்குத் தெற்கே அறுபது அடி." ஊர்க் கண்காட்சியில் வைத்துச் சில காலம் சென்றதும் கழற்றி, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுவார். இது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது, அவரிடமே சொன்னேன். "போத்தல் மூடியையும் கடலிலேயோ திருப்பிப் போடுவியள்?" என்று கேட்டேன். "கடலின்ரை சாமான் கடலுக்கு, பிள்ளை. மனிசன்ரை சாமான் குப்பை வண்டிக்கு" என்றார். எழுபது கடந்த, விலங்கியலில் விரிவுரையாளராக இருந்த என்னைப் பிள்ளை என்று அழைத்த ஒரே மனிதர் அவர். நான் திருத்த முயன்றேன். பலிக்கவில்லை.

என் விலங்கியலுக்கு அவர் ஒரேயொரு முறைதான் வேலை கொடுத்தார். மண்குளவிக் கூடுகள் பன்னிரண்டை ஒரு பழைய கதவுப் பலகையில் வரிசையாகக் கட்டி, "குடியிருப்பு" என்று பெயரிட்டிருந்தார். சனசமூக நிலைய மண்டபத்தில் வைக்குமுன், உள்ளே உயிருண்டா என்று பார்க்கச் சொன்னார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். வெளிவரிசைத் துவாரங்கள் திறந்திருந்தன. வெற்றுக்கூடு என்று உறுதியளித்தேன். உள்வரிசை அறைகள் மேலே மண் பூசி மூடப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. முதலாம் ஆண்டு மாணவர் செய்யும் பிழை.

கண்காட்சியின் இரண்டாம் நாள், பிரதம விருந்தினரின் உரை முக்கால் மணி நேரத்தைத் தாண்டிய கட்டத்தில், குளவிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. முன்வரிசை எழுந்து ஓடியது. தில்லையண்ணை மட்டும் அசையாமல் இருந்து, "பயப்பிடாதேங்கோ, உதுகள் லேசிலை கொட்டாது. பேச்சு முடிஞ்சுதெண்டு நினைச்சு எழும்பியிட்டுதுகள்" என்றார். செயலாளர் சினந்து, "ஆர் உதைப் பரிசோதிச்சது?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் தில்லையண்ணை முந்திக்கொண்டார்: "பாத்தவை சரியாத்தான் பாத்தவை. உள்ளை இருந்தவைதான் சொல்லேல்லை." மண்டபத்தில் என்னைக் காட்டிக்கொடுக்காதவர், தனிமையில் ஒருநாளும் விட்டுவைக்கவில்லை. அதன்பின் என் படலையைத் தட்டும்போதெல்லாம், "உள்ளை ஆளிருக்கோ? விலங்கியல் என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பார்.

கடந்த மாரியில் அவருக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. ஒருநாள் வந்தமர்ந்து, "எனக்கு ஏலாமல் போனால், மிச்சம் இருக்கிறதை நீர்தான் கழற்றித் திருப்பி வைக்கவேணும்" என்றார்.

"ஏன் நான்? உங்களுக்கு மகள் இல்லையோ?"

"வதனி அழுவாள். அழுதுகொண்டு இழுத்தால் முடிச்சு அவிழாது. நீர் அழமாட்டீர்."

இது பாராட்டா என்று நான் கேட்கவில்லை. ஓம் என்றேன். அவருடைய கொக்கைப் பற்றி அப்போது சொல்லாமல் விட்டேன். உடைந்த துடுப்பைக் கழுத்தாகவும் பன்னாடையை இறகாகவும் கொண்டு ஒற்றைக்காலில் நின்ற கொக்கு அது. அதை அவிழ்க்க என் கை வராது என்பது எனக்கு அன்றே தெரியும்.

வதனி கனடாவிலிருந்து வந்தாள். செத்தவீட்டுக்கு அடுத்த நாளே என்னிடம் சொன்னாள்: "அன்ரி, அப்பா கட்டினது எல்லாத்தையும் பெட்டியடிச்சுக் கொண்டுபோகப் போறன். அங்கை ஒரு மண்டபத்திலை நிரந்தரமா வைக்கவேணும். அம்மா போனதுக்கும் நான் வரேல்லை. உதையாவது செய்யவேணும்."

ஒரு தலைமுறை மாணவர்களை முகத்துக்கு நேரே திருத்தியவள் நான். அன்று பேசாமல் இருந்தேன். சொன்னால் அவளிடம் எஞ்சியிருந்த ஒன்றையும் பறிப்பேன். சொல்லாவிட்டால் அவருக்குக் கொடுத்த சொல் போய்விடும். பெட்டிக்குள் கொக்கு பத்திரமாக இருக்கும் என்றும் ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தை நான் மதிக்கவில்லை, ஆனால் அது சொன்னதை மறைக்கவும் மாட்டேன். அந்த நாட்களில் சரியாக உறங்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் கராஜைத் திறந்தோம். கொக்கு இல்லை. வள்ளமும் இல்லை. கயிறுகள் சுற்றப்பட்டு ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தன. உடுப்புக் காயவிடும் கொடியில் சிட்டைகள் வரிசையாகக் கொழுவியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சரி அடையாளம், கீழே "வைத்தாயிற்று." கடைசிச் சிட்டைகளில் எழுத்து நடுங்கியிருந்தது. கொக்கின் இறகுச் சிட்டையில் கரவெட்டி என்றிருந்தது. மூச்சு வாங்கும் மனிதர், ஒரு பன்னாடையைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தேறி அவ்வளவு தூரம் போயிருக்கிறார். என்னை நம்பவில்லை போலும். அல்லது என்னை நன்றாக அறிந்திருந்தார். எதுவானாலும், என் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

வதனி நிலத்தில் அமர்ந்துவிட்டாள். நான் அந்த வாக்கைப் பற்றி அப்போதுதான் சொன்னேன்.

"அப்ப ஏன் அன்ரி அண்டைக்கே சொல்லேல்லை?"

"சொல்லப் பயம்."

"உங்களுக்குமோ!" என்றாள்.

அப்போதுதான் மூலையில் அந்தக் கதவுப் பலகையைக் கண்டோம். அதை மட்டும் அவர் கழற்றாமல் இத்தனை காலமும் வைத்திருந்தார். பழைய கூடுகளின் வாயில் புதிய மண் பூசப்பட்டிருந்தது. சிட்டையில் சரி அடையாளம் இல்லை. வதனி உரக்க வாசித்தாள்: "புத்தூர், இறைப்புக் கொட்டில், வடக்குச் சுவர். உள்ளே ஆளிருக்கு. கிளம்பிய பின் வைக்கவும். பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்."

"பிள்ளையெண்டு ஆரை?"

"என்னைத்தான்."

அவள் என் நரைத்த தலையைப் பார்த்தாள். ஊருக்கு வந்தபின் முதல் தடவையாகச் சிரித்தாள்.

மூன்று கிழமை காத்திருந்தோம். வதனி பயணத்தைத் தள்ளிப்போட்டாள். நான் நாள்தோறும் போய் உருப்பெருக்கியால் பார்த்தேன். அவள் சிட்டைகளை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் அந்த இடங்களையெல்லாம் தேடிப் போனாள். அரியாலையில் துடுப்பு மணலுக்குள் பாதி புதைந்து கிடந்ததாம். வேறு பலவற்றைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. மாலையில் வந்து எனக்குச் சொல்வாள், சில நாள் கோபத்தோடு, சில நாள் படம் எடுத்துக்கொண்டு. பெட்டியடிப்பது பற்றிப் பிறகு அவள் பேசவில்லை.

புதுக் குளவிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. இம்முறை நான் எந்தத் துவாரத்தையும் நம்பவில்லை. ஒவ்வோர் அறையிலும் ஈர்க்கு விட்டுப் பார்த்தேன், உள்வரிசை உட்பட. பிறகே வெற்றுக்கூடு என்று சொன்னேன். புத்தூரில் கிணற்று நீர் இறைக்கும் அந்தக் கொட்டிலின் வடக்குச் சுவரருகே பலகையை நான் பிடித்துக்கொள்ள, வதனி கயிற்றின் வாலை இழுத்தாள். அழுதுகொண்டுதான் இழுத்தாள். முடிச்சு உடனே அவிழ்ந்தது. இந்த ஒரு விடயத்தில் தில்லையண்ணை சொன்னது பிழை. இரண்டாவது விடயத்தையும், அதாவது நான் அழமாட்டேன் என்பதையும், பிழையென்று பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

கூடுகளைச் சுவர்விளிம்பில் அடுக்கினோம். சிட்டையில் சரி அடையாளத்தை என்னை இடச் சொன்னாள். இட்டேன். மற்றச் சிட்டைகளோடு அதையும் கைப்பையில் வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

என்னிடம் இருப்பது இரண்டு முழக் கயிறும் அந்த முடிச்சும்தான். என் மருந்துப் பையை அதனால் கட்டி வைக்கிறேன். விரல் மடங்காத காலைகளிலும் ஒரே இழுப்பில் திறக்கிறது.