சுவருக்கு வெளியே ஒரு வெள்ளைக் கல்

சபைனா கோகன் அயர்லாந்தின் மேயோ கடற்கரையில் கழுதை வண்டியில் போய் முட்டை வாங்கி விற்றவள். கெட்ட முட்டையை அடியில் ஒளித்துக் கொடுத்தால் அந்த வாசலிலேயே நின்று ஊரைக் கூட்டிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளையும், பெற்ற பிள்ளை விஷயத்தில் இரண்டு முறை ஏமாற்றினார்கள்.

இறந்தே பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. தாய் படுக்கையில் கிடக்க, ஆண்கள் பிள்ளையைக் கடைக்குச் சோப்பு வந்த மரப்பெட்டியில் வைத்துக் கடலோர மேட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்து, பேரில்லாத கல் ஒன்றை வைத்துவிட்டு வருவார்கள். எந்தக் கல் என்று சொல்ல மாட்டார்கள். இது எங்கள் ஊர் வழக்கம். வழக்கம் என்று சொல்லிவிட்டால் எந்த அயோக்கியத்தனத்துக்கும் மரியாதை வந்துவிடுகிறது.

1934இல் மூன்றாவதும் அப்படியே பிறந்தது. பெண். கணவன் மார்ட்டின் பெட்டியோடு வந்து நின்றான்.

"குடு சபைனா. போயிட்டு வந்துர்றோம்."

"முன்ன ரெண்ட எங்கய்யா வச்ச? அதச் சொல்லு, இதத் தர்றேன்."

மார்ட்டினுக்கே நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரம். சபைனா முட்டை வண்டியில் பெட்டியை வைத்து ஓட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள். பங்குச் சாமியார் ஓடிப்போய்க் கேட்டைப் பூட்டினார்.

"இது ஜெபம் பண்ணி மந்திரிச்ச மண்ணு, சபைனா."

"எங்கம்மா உள்ள இருக்கா சாமி. பேத்திய வச்சுக்க மாட்டேன்னு அவளா சொன்னா?"

"பிள்ள பெத்தவ கோயில்ல மந்திரிச்சுக்காம வெளிய வரலாமா? தீட்டோட வந்து நிக்கிற. வீட்டுக்குப் போ."

"என் முட்டைக்குத் தீட்டு இல்லையாக்கும். நேத்துக்கூட ஒரு டஜன் வாங்குனீங்களே."

யாரோ சிரித்தார்கள். ஒருவரும் கேட்டைத் தொடவில்லை. அந்த இருநூறு பேரில் என் அப்பாவும் ஒருவர்.

சுவரை ஒட்டி, வெளியே, அவளே குழி தோண்டினாள். கல் நட்டு வெள்ளையடித்தாள். யாரோ பிடுங்கி எறிந்தார்கள். வேறு கல் நட்டாள். இருபத்தேழு வருஷம் இதே கதை.

1961இல் இடம் போதாமல் தோட்டத்தை விரித்தார்கள். கொத்தனார்கள் ஒன்பது நாளில் சுவரை இடித்து, வெளிப்பக்கமாகத் தள்ளிக் கட்டினார்கள். கல் உள்ளே வந்துவிட்டது. புது மண்ணை மந்திரிக்க மறைமாவட்டத்து ஆயர் வருவதாக ஏற்பாடு. புதுச் சாமியார் சிரித்த முகத்தோடு சபைனா வீட்டுக்கே வந்தார்.

"உங்க பொண்ணு உள்ள வந்துட்டாம்மா."

"அவ இருந்த எடத்துலதான் இருக்கா சாமி. நகந்தது உங்க சுவரு."

மன்னிப்பு என்ற சொல்லை அவர் கொண்டுவரவில்லை.

ஆயர் வந்த காலையில் சபைனா சுண்ணாம்பு வாளியோடு கடலோர மேட்டுக்குப் போனாள். தன் பிள்ளைகள் இரண்டும் எந்தக் கல்லுக்கு அடியில் என்று தெரியாததால், அங்கிருந்த எல்லாக் கற்களுக்கும் வெள்ளையடித்தாள். தோட்டத்தில் நின்ற எங்களுக்கு மேடு நன்றாகத் தெரிந்தது. அவற்றில் ஒன்று எங்கள் வீட்டுப் பிள்ளையின் கல். எது என்று அப்பாவுக்கும் தெரியாது.