பத்து நிமிடம் நிற்கும்

சோணைமுத்துவின் குரலுக்கு ஓய்வு என்பதே இல்லை. மதுரை–கோவை நெடுஞ்சாலையில், தாராபுரத்தைத் தாண்டியிருந்த அந்த மோட்டலில் அது காலையிலிருந்து ஒலித்துக்கொண்டிருக்கும்: "வண்டி பத்து நிமிசம் நிக்கும். டீ, காபி, டிபன் சாப்பிடுறவுங்க சாப்பிடலாம்." ஏழு வருடம் மைக்கில் அவர் கத்தியதை 2007 தை மாதத்தில் முதலாளி சீடியில் பதிந்துகொண்டார். குரல் மின்விசிறிக்கு அடியில் இருந்தது. ஆளை மட்டும் விசிலைக் கொடுத்து, பேருந்துகளை ஒழுங்குபடுத்த வெயிலுக்கு அனுப்பிவிட்டார்.

மோட்டலுக்கு வருவதற்கு முன்னால் அவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லர். சாயங்காலமானால் குடி, குடித்தால் அடி. எத்தனை நாள்தான் பொறுப்பாள்? மனைவி ஒச்சம்மாள் பத்து வயது மகள் நதியாவைக் கூட்டிக்கொண்டு உசிலம்பட்டிக்கே போய்விட்டாள். அவர்கள் போன பிறகு மனுசன் குடியை விட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தினம் ஆயிரம் பேர் இறங்கி ஏறும் இடத்தில், அவரைத் தேடி ஒருவரும் வந்ததில்லை.

அந்த வருடம் ஆனியில் ஒருநாள் ஊர்க்காரர் மொக்கைச்சாமி போனில் அழைத்தார். "மாப்ள, ஒம் மக கோயமுத்தூர் காலேசுல சேந்துருக்கா. நாளைக்குப் பதினோரு மணிக்கு அங்கன நிக்கிற மதுர வண்டியில தனியா வர்றா. நீ அங்கன இருக்குறது அவளுக்குத் தெரியாது. மொகத்தையாச்சும் பாத்துக்க."

மறுநாள் முகச்சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு நின்றார். வண்டி வந்தது. இளம்பெண்கள் நாலு பேர் இறங்கினார்கள். அவருக்குத் தெரிந்ததோ பத்து வயது முகம்.

"நதியாவா தாயி?" என்று ஒருத்தியைக் கேட்டார். அவள் முறைத்துவிட்டு நகர்ந்தாள். அதற்குள் பின்னால் இரண்டு பேருந்துகள் நுழைந்து ஹாரன் அடித்தன. அவற்றை ஒதுக்கி நிறுத்திவிட்டுத் திரும்பினால், மதுரை வண்டி சாலையில் ஏறிக்கொண்டிருந்தது. பெற்ற மகளையே தெரியாத நீயெல்லாம் ஒரு அப்பனா என்று தன்னையே திட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

கல்லாவில் புதிதாகச் சேர்ந்த அனுப்ரியா பேச ஆளில்லாமல் காத்திருந்தாள்.

"ஏனுங்ண்ணா, இப்பப் போன மதுர வண்டில ஒரு புள்ள வந்துச்சுங்க. இந்தக் கொரல் யாருதுன்னு கேட்டுச்சு. நான் வந்தே நாலு நாளுதானுங்க, எனக்கென்ன தெரியும்? சீடிங்கன்னேன். இன்னொருக்காப் போடச் சொல்லி நின்னு கேட்டுச்சு. கண்ணெல்லாம் கலங்கிப்போச்சுங்க. பேசுனவரு உசுரோட இருக்காருங்களான்னு கேட்டுச்சு."

"நீ என்ன தாயி சொன்ன?"

"தெரியலீங்கன்னுட்டனுங்க."