பலவாறாக மீறினாள்

ஆம்பூர் ஜஹீதாவின் மாமியாரும் வாஹித் பாஷாவின் தாயாரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்த முறையில் ஜஹீதாவின் புருஷன் அப்துல் கஃபாருக்கு வாஹித் தம்பி. தம்பியின் ஷெட்டைப் பிடித்துத்தான் கஃபார் தோல் கையுறை தைக்கும் தொழிலைத் தொடங்கினார். பெண்கள் பேரில் கடன் கிடைக்கும் என்று குத்தகையை ஜஹீதா பேரில் எழுதினார்கள். கஃபார் மௌத்தாகி, விதவையான பிறகும் அவள் தொழிலை விடவில்லை. அவளுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

போன வருஷம் ஒரு ஷூ கம்பெனி அந்த ஷெட்டைக் குடோனுக்குக் கேட்டது. உடனே வாஹித், காலி செய்யச் சொல்லி ஜஹீதா மேல் வழக்குப் போட்டான். மனுவில் அவளைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: ‘பிரதிவாதி குத்தகை நிபந்தனைகளைப் பலவாறாக மீறியுள்ளார்.’

“பலவாறான்னா இன்னா மேடம்? நான் இன்னா மீறினேன்?” என்று வக்கீல் மோகனாவிடம் கேட்டாள்.

“அதத்தான் கோர்ட்ல கேக்கப் போறோம் ஜஹீதாம்மா. எந்த நிபந்தனை, எப்ப, எப்படின்னு அவங்க சொல்லியாவணும். சொல்லலேன்னா கேஸ் நிக்காது.”

விசாரணையில் எல்லாம் தெரிய வரும் என்று வாஹித்தின் வக்கீல் கோதண்டராமன் இழுத்துப் பார்த்தார். நீதிபதி விடவில்லை. “எதை மறுக்கணும்னே தெரியாம அந்தம்மா எப்படி மறுப்பாங்க? விவரம் கொடுங்க” என்றார்.

ஜஹீதாவுக்குப் பாதி ஜெயித்த மாதிரி இருந்தது. “இருந்தாதானே எழுதுவான்” என்று தையல்காரப் பெண்களிடம் சொல்லிச் சிரித்தாள்.

விவரம் வந்தது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பிரதிவாதி ஷெட் பக்கமே வரவில்லை, தன் தம்பி தவ்ஃபீக்குக்கு இடத்தை உள்வாடகைக்கு விட்டிருந்தார் என்று பிசிறில்லாமல் எழுதியிருந்தது.

“இந்த நாள்ல நீங்க எங்கம்மா இருந்தீங்க?” என்றாள் மோகனா.

ஜஹீதா தேதிகளை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, “இத்தாவில இருந்தேன் மேடம்” என்றாள்.

புருஷன் செத்தால் பெண்சாதி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் காலம் அது. அப்போது இதே வாஹித்தான் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, அண்ணி முறை வைத்து, “நீங்க வெளிய வராதீங்க பாபி. தவ்ஃபீக் பாத்துக்கட்டும். ஷெட்டு எங்கயும் ஓடிப் போவாது” என்றான். தவ்ஃபீக்கும் வியாபாரிகளுக்கு ஆள் தெரியட்டும் என்று வாசலில் தன் பேர் போட்ட போர்டை மாட்டினான். அதில் இப்படி ஒரு வில்லங்கம் இருக்கும் என்று யார் கண்டார்கள்?

வாஹித் சொன்னதைக் கேட்டவள் ஒருத்திதான். அவன் பெண்சாதி அம்பரீன். இத்தா முழுக்க ஜஹீதாவுக்குச் சோறு கொண்டுவந்தவள். சாட்சி சொல்லக் கூப்பிட ஜஹீதா அவள் வீட்டுக்குப் போனாள்.

அம்பரீன் டீ போட்டுக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துப் பேசினாள். “எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குது பாபி. கோர்ட்ல கேட்டா இல்லன்னுதான் சொல்வேன். நீங்க வேற ஷெட்டு பாத்துக்கலாம். நான் இன்னாத்தப் பாக்க?”

ஜஹீதா அவளைக் கூண்டில் ஏற்றவில்லை. வாஹித் ஏறினான். அப்படி எதுவும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்து சொன்னான். கோதண்டராமன் போர்டின் போட்டோவைக் காட்டினார். காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

சாவி கொடுக்கும்போது வாஹித், “மனசுல வெச்சுக்காதீங்க பாபி. இது வியாபாரம்” என்றான்.

“அது இல்ல வாஹித். இத்தா முடிஞ்ச அன்னிக்கு முறை செய்யணும்னு எனக்குப் புதுப் புடவை எடுத்தாந்தியே, அந்தத் தேதியத்தான கோர்ட்ல கடைசித் தேதியா எழுதிக் குடுத்த? புடவையையும் சேத்து எழுதியிருக்கலாம்.”

சாவியை அவன் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டு நடந்தாள்.