எதுவும் மாட்டாத சுவர்

உருவெடுத்து வந்து அடியாரை ஆட்கொள்பவனும், உருவெல்லாம் கடந்து வெளியாய் நிற்பவனும் ஆகிய எம்பெருமான் திருவடிகளே காப்பு.

தை மாத வளர்பிறைத் திரயோதசியும் பிரதோஷமும் கூடிய இந்நன்னாளில், என் தம்பியார் சிவபதம் எய்தி ஓராண்டு நிறைகிறது.

இராசிபுரத்தில் எங்கள் நெசவுக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாக அவர் பிறந்தார். நடை பழகுமுன் தாயாரை இழந்தார். சென்னையில் ஓவியம் பயின்று திரும்பியவர், நாமக்கல்லில் லாரிகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்தார். தமக்கென வரைந்த படங்களில் மனிதரோ மரமோ தெய்வமோ இரா. கருமையும் காவியும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், அவ்வளவே.

"இதுல சாமி எங்கடா?" என்று தந்தையார் ஒருமுறை கேட்டார்.

"நீங்க கண்ண மூடிக் கும்பிடறப்பத் தெரியறதுதானுங்கப்பா."

தந்தையார் தறிக்குத் திரும்பினார்.

அதே போக்கில் வரைந்த நண்பர் இருவர் அவருக்கு வாய்த்தனர். ஒருவர் ஓமலூரில் பள்ளி ஓவிய ஆசிரியர். மற்றவர் சேலத்தில் சினிமா பேனர் வரைபவர். எழுபதுகளின் இறுதியில் மூவரும் சேர்ந்து கண்காட்சி வைக்க முனைந்தனர். முகூர்த்தமில்லாத ஆடி மாதத்தில் தம் கல்யாண மண்டபத்தைத் தர ஒருவர் இசைந்தார். வாயிற்பக்கம் போக மூன்று சுவர்கள். ஆளுக்கொன்று எனப் பேசிக்கொண்டனர்.

திறப்புக்குச் சில நாட்களே இருக்க, ஆசிரியர் மஞ்சள் காமாலையில் மாண்டார். தம்பியார் அவருடைய படங்களைக் கேட்டு ஓமலூர் சென்றபோது அவை இல்லை. சுருட்டி வைத்திருந்த சித்திரத் துணிகளில் உருவம் எதுவும் காணாத உறவினர், வண்ணம் துடைத்த கந்தல் என்றெண்ணி, அவருடைய பாய் தலையணையோடு சுடுகாட்டில் எரித்திருந்தனர்.

தம்பியார் திரும்பி வந்து, நடுச்சுவரை வெறுமையாக விட்டு, அதன் கீழே நண்பர் பெயரை எழுதி வைத்தார்.

"மூளிச் செவுரா உடாதீங்க சாமி," என்றார் மண்டபக்காரர். "ஒரு லட்சுமி படமாச்சும் மாட்டுங்க. இல்லீன்னா உங்க படத்தையே பரப்பி உடுங்க."

"அது அவரு செவுருங்க. அவரு வல்லீன்னு நாங்க எடுத்துக்க முடியாதுங்க."

"அப்ப மண்டபம் இல்லீங்க."

"சரிங்க. மூணையும் மூளியாவே உட்டுட்டுப் போறமுங்க."

மண்டபக்காரர் முனகியபடி விலகினார்.

வந்தவர்கள் வெறுஞ்சுவரையும் ஒரு படமென்றே எண்ணினர். "ஏனுங்க, சுண்ணாம்பு அடிச்சதுக்குமா பேரு போடுவாங்க?" என்றார் ஒருவர். "இருக்கறதுலயே அதுதானப்பா பளிச்சுனு இருக்குது," என்றார் உடன்வந்தவர். தம்பியார் திருத்தவில்லை.

கடைசி நாளில் ஆசிரியரின் மனைவியார் வந்தார். மூளி என்ற சொல்லை அதற்குள் அவர் தம் வீட்டிலேயே கேட்டிருந்தார். சுவரின்முன் நின்று சொன்னார்: "அண்ணா, இதுல எதையும் மாட்டீராதீங்க. ஊட்டுல போட்டோவுக்கு மாலை போட்டு முடிச்சுட்டாங்க. இங்கதானுங்க அவருக்கு இன்னும் எடம் இருக்குது."

அன்று முதல் ஆண்டுதோறும் ஆடியில் இருவரும் அங்கே படம் வைத்தனர். நடுச்சுவர் வெறுமையாகவே இருந்தது.

லாரி வண்ணத்தின் நெடி தம்பியாரின் நெஞ்சை அரித்தது. திருமணமின்றி வாழ்ந்தவர்; இறுதியில் பேச்சும் நின்று, சேலம் மருத்துவமனையில் பேனர் நண்பரின் கையைப் பற்றியபடி அடங்கினார்.

சென்ற ஆடியில் நண்பர் தனியே கண்காட்சி வைத்தார். நான் சென்றேன். நடுச்சுவரிலும் தம்பியாரின் சுவரிலும் படமில்லை; இரண்டுக்கும் புதிதாக வெள்ளையடித்திருந்தது.

"நாந்தானுங்க அடிச்சேன்," என்றார் மண்டபக்காரர். "உங்க தம்பி செவுத்துல ஆணி ஓட்டைங்க நெறயா. அத மட்டும் அடைக்கலீங்க."

நண்பர் என்னருகில் வந்து நின்றார். "அண்ணா, எனக்குச் செவுரு உட இனி யாருங்க இருக்காங்க?"

 

நோயில் துணைநின்ற அந்நண்பருக்கும், மருந்தும் உணவும் தந்தோருக்கும், இறுதிக் கடன்களில் தோள்கொடுத்த உற்றாருக்கும், யாரும் கேளாமலே சுண்ணாம்பு பூசிய மண்டபக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

இந்நினைவு மலரைக் கையிலேந்தும் யாவரும் நோயின்றி நெடிது வாழ்க. நீங்கள் இல்லாத நாளில் உங்கள் இடத்தைக் காத்து நிற்க ஒருவரை எம்பெருமான் உங்களுக்கு அருள்க.