சைக்கிளுக்கு முன்னால் வந்த வாசனை

"பாப்பா, வாங்கிட்டு வா," என்று அம்மா அனுப்பியபடி அவள் முழங்கால் வலிக்குத் தைலம் கேட்டேன். தெருமுனை மைசூர் எண்ணெய்க் கடைக்காரர் கொத்தமல்லி எண்ணெய் ஒரு சொட்டை என் மணிக்கட்டில் தேய்த்தார். அப்பாவின் சட்டை வாசனை அடித்தது.

மல்லி விதையை ஆவியில் வேகவைத்து எண்ணெய் எடுக்கும் ஆலையில் அப்பாவுக்கு வேலை. முற்றாத விதை கலந்தால் மூட்டைப்பூச்சி நாற்றம் அடிக்கும் என்பார். நல்ல எண்ணெயின் இனிப்பு வாசனை அவர் சைக்கிளுக்கு முன்னாலேயே தெருவுக்குள் வந்துவிடும். அம்மா உடனே தட்டு வைப்பாள்.

ஒரு சாயங்காலம் வாசனை வந்தது. அம்மா சோறும் போட்டாள். சைக்கிள் வரவில்லை. ஆலையிலிருந்து வந்த ஆள், அப்பா மத்தியானமே இறந்துவிட்டதாகச் சொன்னார்.

இன்று நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அடுப்படியில் நின்றாள். திரும்பவில்லை.

"வந்துட்டீங்களா? கை கழுவுங்க," என்றாள். "கடைக்குப் போன பாப்பாதான் இன்னும் வரலீங்க."