பவளராணி மச்சாளின் முதல் கேள்வி

செய்தி வந்தபோது நான் சலூன் கதிரையில் இருந்தேன். தாடியின் ஒரு பக்கம் வழித்தாயிற்று, மறுபக்கம் அப்படியே இருந்தது. "மாமா, அம்மா விடியப்புறம் போயிட்டா" என்றாள் தொலைபேசியில் மச்சாளின் மகள். நித்திரையிலேயே, நோகாமல். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அவரையும் ஒருகாலத்தில் மச்சாள் கேள்வி கேட்டுக் குடைந்திருக்கிறார். திருகோணமலையில் மச்சாளின் கேள்விக்குத் தப்பிய உயிர் ஒன்று உண்டென்றால் அது துறைமுகத்தின் அடியில் கிடக்கும் திருக்கை மீன்தான். அதுவும் சேற்றுக்குள் ஒளிந்ததால் தப்பியது.

பாதித் தாடியோடே செத்தவீட்டுக்கு ஓடினேன். சாவுத் துடக்கு வந்துவிட்டது, இனி மிச்சத்தை வழிக்கக்கூடாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் மரியாதையாக என் முகத்தைப் பார்க்காததுபோல் பார்த்தார்கள். மச்சாள் இருந்திருந்தால் வாசலிலேயே மறித்து, "ஏன் மச்சான் பாதி?" என்று கேட்டிருப்பார். கேட்க ஆளில்லாமல் போனதுதான் எனக்கு விழுந்த முதல் அடி.

அறியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். கலாநிதி பவளராணி என் தாய்மாமன் மகள். சமூகவியல் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தபோது அவர் அழவில்லை, மருத்துவிச்சியைப் பார்த்து, "இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தனீங்கள்?" என்று கேட்டார் என்பது எங்கள் குடும்ப வரலாறு. அதை எழுதியவன் நானே என்பதால் யாரும் ஐயப்பட வேண்டாம். சின்ன வயதில் தமக்கையின் கல்யாணப் பந்தியில் இலை இலையாகப் போய், "மாப்பிள்ளை பிடிச்சிருக்கா, சாப்பாடு பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சாப்பாடு என்றார்கள். மாப்பிள்ளையும் அந்தப் பந்தியில்தான் இருந்தார்.

அவருடைய மகா யுத்தம் ஓய்வுக்குப் பிறகுதான் வந்தது. ஓர்ஸ் ஹில் சரிவில் ஒரு வெறும் காணி. அதில் மாடிக் கட்டடமும் வாகனத் தரிப்பிடமும் எழுப்ப ஊர் அபிவிருத்திக் குழு ஒன்று புறப்பட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் விளையாடுவதில்லை, ரியூசனும் போனும்தான், பிறகு காணி எதற்கு என்பது அவர்களுடைய வாதம். மச்சாள் மறுத்துப் பேசியபோது, இல்லையென்றால் ஆய்வு செய்து காட்டுங்கள் என்றார்கள். பிள்ளைப்பருவம் எப்படி மாறுகிறது என்பதையே ஆயுள் முழுக்கப் படித்த மச்சாள், ஓம் என்றார். ஆய்வுக்குழுவில் மச்சாள், நான், என் கார். மூவரிலும் கார்தான் மூத்தது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சிக்கல். கேள்விகளை அச்சடித்து வகுப்பில் கொடுக்கலாம், அல்லது நேரில் போய்க் கேட்கலாம். அச்சடித்த தாளுக்கு வினாக்கொத்து என்று பெயர். எனக்கு அதுவரை தெரிந்த ஒரே கொத்து கொத்துரொட்டி. அதைச் சொன்னபோது மச்சாள் சிரிக்காமல், "இதில முட்டை மட்டும் போடுறேல்ல மச்சான்" என்றார்.

தாள் என்றால் கெதியாக முடியும் என்று குழு அவசரப்படுத்தியது. ஒரு வகுப்பில் கொடுத்துப் பார்த்தோம். தாளைக் கண்டதும் பிள்ளைகள் தாமாகவே எழுந்து மேசைகளை இடைவெளி விட்டு இழுத்துப் போட்டார்கள். ஒரு கை உயர்ந்தது. "மிஸ், ஒரு கேள்விக்கு எத்தினை புள்ளி?" புள்ளி இல்லை, சரி பிழையும் இல்லை என்று மச்சாள் தொண்டை வறளச் சொன்னார். யார் நம்புவது? புலமைப்பரிசில் சோதனைக்குத் தொட்டிலில் இருந்தே ஆயத்தம் செய்கிற ஊர் இது. பின்னேரம் என்ன செய்வீர்கள் என்பதற்கு அத்தனை பேரும், 'பாடங்களை மீட்டுவேன், பெற்றோருக்கு உதவுவேன்' என்று முத்துமுத்தாக எழுதிவைத்தார்கள். இருட்டுவதற்குள் தாய்மார் போன் எடுத்து, மாதிரி விடை எங்கே வாங்கலாம் என்று விசாரித்தார்கள். வினாக்கொத்தை ஊர் வினாத்தாள் ஆக்கிவிட்டது. குழுவுக்கு ஒரே சந்தோசம். ஒரு பிள்ளைகூட விளையாடவில்லை, தாளே சொல்லுகிறதே!

அடுத்து வீடுகளுக்குப் போனோம். ஒரு வீட்டில் சின்னப் பெண்ணொருத்தியிடம், "பிள்ளை, பின்னேரம் விளையாடுறனீங்களா?" என்று மச்சாள் கேட்டார். குசினிக்குள் இருந்து தாயின் பதில் வந்தது: "அவளுக்கு எங்க நேரம்?" பெண்ணும் நேரமில்லை என்று தலையாட்டினாள். அவளுடைய முழங்கால் இரண்டிலும் செம்மண்.

திரும்பும்போது மச்சாள் காரில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கோணேசர் மலை இடம் பெயர்ந்திருந்தால்கூட நான் அவ்வளவு திகைத்திருக்க மாட்டேன். பிறகு சொன்னார்: "வாய் ஒண்டு சொல்லுது, முழங்கால் ஒண்டு சொல்லுது மச்சான். நான் முழங்காலை நம்புறன்."

அந்தச் செம்மண் சரிவுக் காணியின் மண். குழு காணி பார்க்கப் போனதெல்லாம் காலையில். மச்சாள் மறுநாள் பின்னேரம் போனார். தாளையும் பேனையையும் காரிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு போய் நிலத்தில் இருந்தார். ரியூசன் பைகளை விக்கெட்டாக அடுக்கி ஆடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே உறைந்தது. "முதல் கேள்வி உங்கட. நீங்கள் என்னைக் கேளுங்கோ, பிறகு நான்" என்றார் மச்சாள்.

செம்மண் முழங்கால்காரிதான் கேட்டாள். "மிஸ், அம்மாட்டச் சொல்லுவீங்களா?"

"சொல்லமாட்டன்."

அவ்வளவுதான், அணை உடைந்தது. கணக்கு வகுப்பு முடிந்து ஆங்கில வகுப்பு தொடங்குமுன் ஓர் இடைவெளி இருக்கிறது. அது வீட்டுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டு முழுவதும் ஒளிந்திருந்தது. ஏன் தாளில் எழுதவில்லை என்று கேட்டதற்கு, "அது சரியான விடை இல்லையே மிஸ்" என்றார்கள்.

குழுக் கூட்டத்தில் தலைவர் பிள்ளைகளின் பெயர் கேட்டார். தர ஏலாது என்றார் மச்சாள். "பேர் தந்தால் நாளைக்கு அம்மாமார் வருவினம், நாளையிண்டைக்கு விளையாட்டு நிண்டுபோம். நம்பாட்டி நீங்களே பின்னேரம் வந்து பாருங்கோ." தலைவர் வந்தார். என் காருக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தார். பந்து போட்டுக்கொண்டிருந்தது அவருடைய சொந்தப் பேத்தி. மச்சாள் மெல்லக் குனிந்து, "இப்ப நீங்கள் அம்மாட்டச் சொல்லப்போறீங்களோ?" என்று கேட்டார். தலைவர் அன்றுமுதல் இன்றுவரை வாய் திறக்கவில்லை. காணியில் ஒரு கல்லும் விழவில்லை. இதை வாசிக்கும் தாய்மாரே, அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வகுப்பு நேரங்களும் மாறிவிட்டன. விபரம் கேட்டு என்னிடம் வரவேண்டாம்.

தகனம் முடிந்து அந்த வழியால்தான் நடந்து வந்தேன். பைகள் விக்கெட்டாக நின்றன. புதுப் பிள்ளைகள். பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுக்க ஓடி வந்த சிறுமி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அங்கிள், ஏன் பாதித் தாடி?"

இரண்டு நாளாக ஊரே கேட்காத கேள்வி. அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து, முழுக் கதையையும் சொன்னேன்.

போய்வாருங்கள் மச்சாள். மேலே சித்திரகுப்தன் தாளை நீட்டினால் மேசையை இழுத்துப் போடாதீர்கள். அங்கேயும் முதல் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும்.