குளிர் அறையில் வைத்த மருந்து

என் அக்காவுக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் ஐஸ் மேடம். ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்து, குளிர் அறைக்கே சூப்பர்வைசர் ஆனவள். கொளுத்தும் வெயிலிலும் ஸ்வெட்டரோடுதான் வெளியே வருவாள். "மாப்பிள்ளைகிட்ட பேசும்போதாவது கொஞ்சம் உருகுடி" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் குழந்தை உண்டாகவில்லை. சிகிச்சைச் செலவைக் கம்பெனி ஏற்கும். ஆனால் சூப்பர்வைசர்களுக்கு மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை. பேக்கிங்கில் நிற்பவளுக்குக் கர்ப்பப்பை கிடையாது என்று நினைத்தார்களோ என்னவோ. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பதவிக்காக உழைத்தாள். லீவு போட்டால் பெயர் கெடும் என்று காய்ச்சலோடும் போனாள். பதவி கைக்கு வந்தபோது நாற்பதை நெருங்கியிருந்தாள்.

"இப்பவே லேட்டும்மா. இந்த ஒரு தடவையை விட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

ஊசி மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார்கள். வீட்டில் வைத்தால் மாமியார் கண்ணில் படும். பட்டால் சொந்தபந்தம் முழுக்கத் தண்டோராதான். ஆபீஸ் ஃப்ரிட்ஜோ பேருக்குத்தான் ஃப்ரிட்ஜ், தண்ணீர்கூடச் சில்லிடாது. அதனால் தான் நம்பிய இடத்திலேயே, குளிர் அறையின் மூலையில், ஐஸ்கிரீம் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தாள். தினமும் மதிய இடைவேளையில் எடுத்து, உள்ளங்கைச் சூட்டில் உருக்கி, பாத்ரூமில் நின்று தானே வயிற்றில் குத்திக்கொண்டாள்.

ஸ்கேனுக்கு நானும் கூடப் போயிருந்தேன். ஒரு கருமுட்டைகூட வளரவில்லை.

"மருந்தை எங்கம்மா வச்சிருந்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"எங்க ஃப்ரீசர் ரூம்லதான் டாக்டர். அங்க கரண்டே போகாது."

"ஐயோ, உறைஞ்சா அந்த மருந்து வேலை செய்யாதும்மா."

அக்கா சின்னப்பிள்ளை மாதிரி என் பக்கம் திரும்பினாள். "அதிகமா குளிர்ந்தா நல்லதுதானடி?"

உறைய விடாதே என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, மருந்து கொடுத்தபோதே ஆஸ்பத்திரியில் யாராவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.

கம்பெனியில் நானே போய்க் கெஞ்சினேன். ஒரு தடவை என்றால் ஒரு தடவைதானாம். சொந்தச் செலவில் செய்ய மாமாவுக்கு வசதியில்லை. செய்தாலும் பலனிருக்குமா என்று கேட்டதற்கு டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

கொஞ்ச நாளில் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டுத் தொழிற்சாலை முழுவதற்கும் பொறுப்பு கொடுத்தார். நல்ல மனுஷர்தான். நல்லது செய்வதாக நினைத்துத்தான் கேட்டிருக்கிறார்.

"இனிமே ஆஸ்பத்திரிக்குன்னு அடிக்கடி லீவு தேவைப்படாதுல்லம்மா?"

"தேவைப்படாது சார்" என்றிருக்கிறாள் அக்கா.